சிரித்த சபையும் சிதையாத கணக்கும்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. இம்மலரை வாசிக்கும் அன்பர்களுக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)

  

கல்வியின் சிறப்பைப் பற்றி ஆண்டுதோறும் இம்மேடையில் கேட்டிருக்கிறீர்கள். அதையே நானும் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே இம்முறை ஒரு பயணத்தைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். மேற்படிப்புப் படிக்கும் ஒரு மாணவர் கடல் கடந்து போய், அறிஞர்கள் கூடிய சபையிலே எழுந்து நின்று, தாம் கண்டறிந்ததைச் சொல்லிவிட்டு வரும் பயணம் அது.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊருக்குப் பெயர் தாசேக் கெலுகோர். அக்கரையிலே தீவில் இன்னொரு கெலுகோர் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருப்பது அந்தக் கெலுகோரில்தான். 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. இங்கே இரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, அப்புறம் ஒரு பஸ். அவ்வளவுதான் தூரம். 1985இல் பாலமும் திறந்துவிட்டார்கள். இந்தக் கெலுகோரிலிருந்து அந்தக் கெலுகோருக்குப் போன பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அங்கே போனவர்களுக்கு அடுத்த படி விமானப் படிதான்.

அப்படிப் போக வாய்ப்புக் கிடைத்த ஒரு பெண்ணின் தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மகள் முதுகலை ஆய்வு மாணவி. நீரைத் தூய்மைப்படுத்தும் முறை பற்றிய அவளுடைய கட்டுரையை ஜப்பானில் நடக்கும் ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டிருந்தது. தாயார் கேட்டது இதுதான்: "ஏன் டீச்சர், பதினஞ்சு நிமிஷம் பேசுறதுக்கா அவ்வளோ தூரம் ப்ளேன் ஏறிப் போகணும்? எழுதி அனுப்பிட்டா அவங்களே படிச்சிக்க மாட்டாங்களா? இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர்லயே பேசிக்கிறாங்களே!"

இது விவரம் தெரியாதவர் கேட்ட கேள்வி அன்று. நன்றாக யோசித்துக் கேட்ட கேள்வி. இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், அறிஞர் மாநாடு என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநாடு என்றதும் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்றுதான் நமக்கு நினைவு வரும். ஆய்வு மாநாடு அப்படிப்பட்டதன்று. பல மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு வரும். மாணவர் தம் ஆய்வைச் சுருக்கி ஒரு பக்க அளவில் எழுதி அனுப்ப வேண்டும். அத்துறை அறிந்தவர்கள் அதைப் படித்துப் பார்த்து, தகுதியிருந்தால் ஏற்பார்கள், இல்லையென்றால் தள்ளிவிடுவார்கள். ஏற்றுக்கொண்டால் பேசுவதற்குப் பதினைந்து நிமிடமோ இருபது நிமிடமோ தருவார்கள். நேரம் முடிந்தால் தலைவர் நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டம். சபையில் இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். "இதை எப்படிக் கண்டாய்? அதை ஏன் விட்டாய்? உன் கணக்கு சரிதானா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும்.

எழுதி அனுப்பிய தாள் தனக்காகத் தானே வாதாடாது. அதனால்தான் ஆளே போக வேண்டியிருக்கிறது. கணினித் திரையிலும் கேள்வி கேட்கலாம், உண்மைதான். ஆனால் தேநீர் வேளையில் பக்கத்தில் நின்று ஒரு பெரியவர் சொல்லும் ஒரு வார்த்தை திரையில் எளிதில் கிடைக்காது. அந்த ஒரு வார்த்தை ஒரு வாழ்க்கையையே திருப்பிவிடும். இதற்கு ஒரு சான்று சொல்கிறேன், கேளுங்கள்.

1928ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் சந்திரசேகர் என்றொரு மாணவர் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயது இளைஞர். ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்டு என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானி சென்னைக்கு வந்திருந்தார். சந்திரசேகர் அவர் எழுதிய நூலைக் கரைத்துக் குடித்தவர். தயங்காமல் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? நீ படித்த பௌதிகம் எல்லாம் பழையதாகிவிட்டது. புதிய குவாண்டம் கொள்கை வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றார். அதோடு விடவில்லை. இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப் படியையே கொடுத்துப் படிக்கச் சொன்னார். இளைஞர் மனம் உடைந்து போகவில்லை. புதிதாகப் படித்தார். அடுத்த ஆண்டே, 1929இல், அவருடைய ஆய்வுக் கட்டுரை இலண்டன் இராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் பட்டம்கூட வாங்கவில்லை!

1930இல் பட்டம் பெற்றதும் இங்கிலாந்தில் மேற்படிப்புப் படிக்க இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. ஆனால் வீட்டிலே தாயார் சீதாலட்சுமி அம்மையார் நோயுற்றுக் கிடந்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். இப்சன் என்னும் நார்வே நாட்டு ஆசிரியரின் 'பொம்மை வீடு' என்ற நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அந்த நிலையில் அம்மாவை விட்டுவிட்டுப் போகலாமா என்று உறவுக்காரர்கள் பேசத்தானே செய்வார்கள்? போய்வா என்று சொன்னவர் அந்தத் தாயாரேதான். 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார் சந்திரசேகர். 1931ஆம் ஆண்டு மே மாதம் தாயார் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். தாயின் முகத்தை மறுபடி பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பெற்றோர்களே! பிள்ளையை அனுப்புவது சும்மா இல்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன். பயணச் சீட்டுக்குப் பணம் கட்டினால் மட்டும் போதாது. வீட்டிலிருப்பவர்களும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கப்பலுக்கு வருவோம். தொடக்கத்தில் கடல் கொந்தளிப்பு, தலைசுற்றல். பிறகு கடல் அமைதியானதும் இளைஞர் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். அவர் போட்ட கணக்கைக் குழந்தைகளுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

விண்மீன் எரிந்துகொண்டிருக்கும் வரை அதன் வெப்பம் அதை உப்ப வைத்திருக்கும். எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையாலேயே அது சுருங்கும். சுருங்கிச் சுருங்கி, பூமி அளவே உள்ள, ஆனால் மிகவும் கனமான வெண்குறுமீன் ஆகும். அதற்கு மேலும் நசுங்காமல் அதைத் தாங்குவது எது? உள்ளே நெருக்கப்பட்ட மின்னணுக்களின் எதிர்ப்புத்தான் என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபௌலர் 1926இல் காட்டியிருந்தார். எல்லா விண்மீனும் கடைசியில் இப்படி அமைதி அடைந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சந்திரசேகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நெருக்கப்பட்ட மின்னணுக்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுமானால், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் சேர்த்தல்லவா கணக்குப் போட வேண்டும்?

போட்டுப் பார்த்தார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. வீட்டுப் பரண்மேல் அரிசி மூட்டை அடுக்குகிறோம். ஒன்று தாங்கும், இரண்டு தாங்கும். ஓர் அளவுக்கு மேல் பலகை முறிந்துவிடும் அல்லவா? அதுபோல வெண்குறுமீனுக்கும் ஓர் எல்லை உண்டு என்றது கணக்கு. பிற்பாடு செம்மையாகக் கணித்தபோது அந்த எல்லை சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று வந்தது. அதற்கு மேல் கனத்தால் மின்னணுக்களால் தாங்க முடியாது; விண்மீன் மேலும் மேலும் சுருங்கும். பத்தொன்பது வயதில் ஒரு தமிழ்ப் பிள்ளை கப்பலில் போட்ட கணக்கு இது!

இனிமேல்தான் நான் சொல்ல வந்த சபை வருகிறது.

1933இல் முனைவர் பட்டம் பெற்ற சந்திரசேகர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலேயே ஆய்வாளரானார். கும்பகோணத்து இராமானுஜன் முன்பு இருந்த அதே கல்லூரி. கணக்கை ஐயமறத் துல்லியமாகப் போட்டு முடித்தார். 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் அதை எடுத்துச் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அவருக்குப் பிறகு பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். சாதாரணமானவர் அல்லர். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தைப் படம்பிடித்து ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்தவர்களில் முதன்மையானவர். சந்திரசேகரின் அறைக்கே அடிக்கடி வந்து, கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் அன்று சபையிலே எழுந்து, இந்தக் கணக்கின்படி போனால் விண்மீன் முடிவில்லாமல் சுருங்கிக்கொண்டே போகும், இப்படியொரு கேலிக்கூத்து நடக்காதபடி இயற்கையிலே ஒரு விதி இருந்தாக வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். சபை சிரித்தது.

நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஊரை விட்டு, உறவை விட்டு, தாயின் இறுதிச் சடங்குக்கும் போக முடியாமல், நாலாண்டுக்கு மேல் உழைத்துப் போட்ட கணக்கு. சபை சிரித்தது!

சிரித்ததைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. போர், பௌலி முதலிய பெரும் பௌதிக அறிஞர்களிடம் கருத்துக் கேட்டபோது, எடிங்டன் சொல்வது சரியில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனிப்பட்ட முறையில் சொன்னார்கள். ஆனால் பகிரங்கமாக எழுந்து நின்று அந்த இளைஞருக்காக ஒருவரும் வாதாடவில்லை. "நமக்கெதுக்கு வம்பு" என்பது நம் ஊர் வியாதி மட்டுமன்று போலும்!

அந்தச் சிரிப்பால் நேர்ந்தது என்ன? சந்திரசேகர் சண்டை போடவில்லை. 1937இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வு நிலையத்துக்குச் சென்றார். 1939இல் தம் கணக்கையெல்லாம் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குத் திரும்பிவிட்டார். விண்மீன் கனத்துச் சுருங்கினால் கருந்துளையாக முடியலாம் என்று உலகம் முழு மனத்துடன் ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. 1983ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கப்பலில் கணக்குப் போட்டு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எல்லைக்குச் 'சந்திரசேகர் எல்லை' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர் 1995இல் மறைந்தார். 1999இல் அமெரிக்கர்கள் விண்ணுக்கு அனுப்பிய ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1944இல் எடிங்டன் இறந்தபோது, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியலாளர்களில் ஒருவராகப் போற்றிப் பேசியவர் சந்திரசேகர். கணக்கில் விட்டுக்கொடுக்கவில்லை, மனிதரிடம் பகை வைக்கவுமில்லை. படிப்பின் பயன் இதுவல்லவா!

எல்லாச் சபையும் சிரிக்கிற சபையாக இருப்பதில்லை. கைகொடுத்துத் தூக்கிவிடும் சபைகளும் உண்டு. அப்படியொரு சபை நம் நாட்டிலேயே கூடியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த காலம் அது. 1964ஆம் ஆண்டு ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. அங்கே பல நாட்டு அறிஞர்கள் வந்திருந்ததைப் பயன்படுத்திக்கொண்டு, அவர்களை ஒன்றுகூட்டி அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார்கள் அடிகளாரும் அவருடைய நண்பர்களும். ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் பிறந்த மன்றம்! அதன் முதல் மாநாடு சென்னையிலும் நடக்கவில்லை, யாழ்ப்பாணத்திலும் நடக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நம் கோலாலம்பூரில் நடந்தது. பால் வெட்டவும் சாலை போடவும் வந்தவர்கள் என்று மட்டுமே பேசப்பட்ட தமிழர் வாழும் நாட்டிலே, உலகத்துத் தமிழறிஞர்கள் வந்து கூடினார்கள். பின்னர் 1987இலும் 2015இலும் அதே மன்றத்தின் மாநாடுகள் கோலாலம்பூரில் நடந்தன.

அடிகளாரின் பயணங்களும் வெறும் பயணங்கள் அல்ல. போன இடமெல்லாம் நூலகம் நூலகமாகத் தேடினார். 1679இல் அச்சான தமிழ் – போர்த்துகீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை 1966இல் கோலாலம்பூரிலே மறுபதிப்புச் செய்ய வைத்தார். கையிலே கட்டுரையோடு போனவர் கையிலே புதையலோடு திரும்பினார்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருகிறேன். விண்மீன் கணக்கு எனக்குத் தெரியாது, வகுப்பறை தெரியும். 1935ஆம் ஆண்டு இலண்டனில் கேட்ட சிரிப்பு நம் வகுப்பறையிலும் கேட்கிறது.

ஒரு பிள்ளை எழுந்து தப்பாக ஒரு சொல்லை வாசிக்கிறான், பின்வரிசை சிரிக்கிறது. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். முதல் நாள் தேசிய மொழியில் பதில் சொல்லும்போது நாக்குக் குழறுகிறது. நாலு பேர் சிரிக்கிறார்கள். அத்தோடு சரி. முதல் படிவத்தில் மூடிய வாய் ஐந்தாம் படிவம் வரை திறப்பதில்லை. "பையன் நல்லவன், ரொம்ப அமைதி" என்று நாமும் பாராட்டி விடுகிறோம்! அது அமைதியன்று, அச்சம். சந்திரசேகரின் கணக்கு நூலில் இருந்தது. சபை சிரித்தாலும் அழியவில்லை. நம் பிள்ளையின் கேள்வி நூலில் ஏறுவதற்கு முன்பே அழிந்துவிடுகிறதே, அதை யார் மீட்டுத் தருவது?

வீட்டிலேயும் அதே கதைதான். "ஏம்பா வானம் நீலமா இருக்கு?" என்று கேட்கும் குழந்தைக்கு, "வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்பதுதான் பதில். வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், எனக்குத் தெரியும். விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. "எனக்குத் தெரியலய்யா, நாளைக்கு டீச்சரக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். காசா பணமா? பிள்ளை மறுநாள் பள்ளிக்கு ஓடி வருவான்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஆசிரியர்களுக்கும் எனக்கும் சேர்த்து. வாரத்துக்கு ஒருநாள், வகுப்புக்கு ஒரு பிள்ளை, ஐந்து நிமிடம் பேசட்டும். தான் வளர்த்த செடியைப் பற்றிப் பேசட்டும். பாட்டி சொன்ன மருந்தைப் பற்றிப் பேசட்டும். பேசி முடித்ததும் மூன்று பேர் கேள்வி கேட்க வேண்டும். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வேறு; கேள்விக்கு நின்று பதில் சொல்வது வேறு. இரண்டாவதுதான் நாளைக்கு மாநாட்டில் கைகொடுக்கும்.

இரண்டாவது, மாணவச் செல்வங்களுக்கு. ஒருவன் தடுமாறும்போது சிரிக்காதே. அதோடு நின்றுவிடாதே. பிறர் சிரிக்கும்போது, "அவன் சொல்றது சரிதான் சார்" என்று எழுந்து நின்று சொல். 1935இல் பெரிய பெரிய அறிஞர்கள் செய்யத் தவறியதை ஆறாம் ஆண்டு மாணவன் நீ செய்து காட்டலாம்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. தாய்மொழியோடு தேசிய மொழியும் ஆங்கிலமும் பிள்ளைக்குக் கைவரட்டும். ஒன்றைக் கற்றால் மற்றொன்று போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். தமிழ் அவனுக்குக் கால். மற்ற மொழிகள் அவன் ஏறும் வண்டிகள். காலில்லாதவன் வண்டியேறுவது எப்படி? பெண் பிள்ளைக்கு வாய்ப்பு வந்தால் கடப்பிதழ் எடுப்பதற்கு ஆண் பிள்ளைக்குக் காட்டும் அதே அவசரத்தைக் காட்டுங்கள்.

ஜப்பானுக்கு அழைப்பு வந்த பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். தாயார் மனமிசைந்தார், பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்தது, போய் வந்தாள். அவள் பேசியபோது மூன்று கேள்விகள் கேட்டார்களாம். இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சபையில் சொல்லிவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட பேராசிரியரே பிறகு தேநீர் வேளையில் வந்து, எதைப் படிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாராம். அந்த மூன்றாவது கேள்வியைத்தான் இப்போது அவள் ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். எழுதி அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குக் கிடைத்திருக்காது. தாயார் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அன்புச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள். சந்திரசேகருக்கு உரிய பரிசு ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்துத்தான் வந்து சேர்ந்தது. நாளைக் காலை வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள். தப்பாக இருந்தாலும் கேளுங்கள். ஆசிரியர்கள் நாங்கள் காத்துக்கொண்டிருப்போம்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!